சுள்ளிக் கட்டும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

கள்ளக்குறிச்சியில் அலுவலகங்கள் இருக்கிற பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து நான் மனு எழுதுகிறேன். தனி மாவட்டம் ஆன பிறகு இந்த ஊரில் பெருகிய வேலைகளில் இதுவும் ஒன்று. பட்டா மாற்ற வேண்டும், உதவித்தொகை நின்றுபோய்விட்டது, வாய்க்காலை அடைத்துவிட்டார்கள், மருமகன் குடித்துவிட்டு அடிக்கிறான், எதுவாக இருந்தாலும் வந்தவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர் வந்து அரை மணி நேரம் அழுதுவிட்டு, அழுததையும் மனுவில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பதை ஒரு நாளில் எத்தனை முறை எழுதுகிறேன் என்று எண்ணியதில்லை. கை தானாக எழுதிவிடும்.

என் சொந்த ஊர் கல்வராயன் மலையில் இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம் ஆனது. வீட்டுக்காரருக்கு இங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்ததால் இருவரும் கீழே இறங்கி வந்தோம். ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தெருவில் ஒற்றை அறை, தகரக் கூரை. படியிறங்கினால் சாக்கடை மூடி, அதைத் தாண்டினால் சிமென்ட் ரோடு. அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் உள்ளங்கை அகலம் மண் கிடையாது. மலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இறங்கினாலே கீரை. இங்கே வந்த முதல் வாரம் ஒரு கட்டுக் கீரைக்குக் காசு கேட்டார்கள். நான் விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஏரிக்கரைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் கிடந்த புறம்போக்கு. பாதி குப்பை, பாதி சீமைக் கருவேலம். நடுவில் இரண்டு பெரிய வேப்ப மரங்கள். அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. 'அந்தாண்ட' என்போம். அந்தாண்ட போய்விட்டு வருகிறேன் என்றால் தெருவில் எல்லோருக்கும் புரியும். ஒரு மழை பெய்தால் போதும், குப்பைக்கு நடுவிலேயே தொய்யக்கீரை தழைத்து நிற்கும். மூக்கிரட்டை தரையோடு படர்ந்திருக்கும். முள்ளின் மேல் முடக்கத்தான் ஏறியிருக்கும். கோடையில் தகரக் கூரை காய்ந்து உள்ளே இருக்க முடியாதபோது தெருப் பெண்கள் எல்லோரும் அந்த வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவோம். அடுப்புக்குச் சுள்ளியும் அங்கேதான். எங்களிடம் காஸ் அடுப்பு இருக்கிறது. இருந்தாலும் குளிக்க வெந்நீர் வைக்கவும் பருப்பு வேகவைக்கவும் சிலிண்டரைச் செலவழிக்க எங்கள் தெருவில் யாருக்கும் மனசு வராது.

எதிர் வீட்டு அக்கா இட்லிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் வீட்டு வாசலில் ஒரு விறகடுப்பு, ஒரு பெரிய இட்லிக் குண்டான், ஒரு பெஞ்சு. புருஷன் இல்லை. இரண்டு ஆடுகளும் வைத்திருந்தார். காலை வியாபாரம் முடிந்ததும் ஆடுகளை அந்தாண்ட ஓட்டிவிட்டு, ஒரு கட்டு சுள்ளியோடு திரும்புவார்.

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு ஊரில் ஒரு குழு அந்த இடத்தைக் குறுங்காடு ஆக்க முன்வந்தது. கடைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், சில டாக்டர்கள் எனப் படித்தவர்கள் சேர்ந்த குழு. செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எல்லோரையும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வந்து, இது உங்கள் காடு, நீங்கள்தான் வளர்க்க வேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் முதலில் கைதட்டியது நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

குப்பையை அள்ளினார்கள். இயந்திரம் வைத்துக் கருவேலத்தைப் பிடுங்கினார்கள். குழி வெட்ட நாங்கள் போனோம். கூலிக்கு இல்லை, சும்மாதான். புங்கை, நீர்மருது, இலுப்பை, மகிழம் என்று கன்றுகள் லாரியில் வந்து இறங்கியபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எது எந்தக் கன்று என்று குழுக்காரர்களுக்கே தெரியவில்லை. இலையைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல, செயலாளர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முதல் கோடையில் தண்ணீர் லாரி பல நாள் வரவில்லை. தெருக் குழாயில் எங்களுக்குப் பிடித்து வைத்த தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய் ஊற்றினோம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு பேர் குளித்தோம்.

அப்போதுதான் அக்காவின் ஆடுகள் கன்றுகளுக்குள் புகுந்தன. நானே கம்பெடுத்து ஓட்டினேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஒரு முறை ஆட்டின் மேல் கல்லும் எறிந்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"ஏன்டி, ஆடு இன்னா உன் சொத்தையா துன்னுச்சி?"

"செடி வளந்தா நம்மளுக்குதான்க்கா நல்லது."

"நம்மளுக்கா? சரி, நல்லா காவல் காத்துக்கினு நில்லு. நாளைக்கு உன்னையும் அந்தாண்ட தள்ளுவாங்க, அப்ப பேசிக்கலாம்."

அந்த மாதமே அக்கா இரண்டு ஆடுகளையும் விற்றுவிட்டார். என்னோடு பேச்சும் நின்றது. காலையில் அவர் வாசலைக் கடக்கும்போது நான் செல்போனைப் பார்ப்பது போல் போவேன்.

காடு வளர்ந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நெருக்கி நட்டதால் மரங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏறின. மூன்றாவது வருடம் உள்ளே போனால் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். எங்கிருந்து வந்தன என்று தெரியாத குருவிகள் வந்தன. கீரிப்பிள்ளை வந்தது. மாலையில் எங்கள் தெருவிலேயே காற்று மாறியது. தகரக் கூரை சீக்கிரம் ஆறியது.

பிறகு கம்பி வேலி வந்தது. வேலிக்கு ஒரு இரும்பு கேட் வந்தது. கேட்டுக்கு ஒரு பூட்டு வந்தது, பூட்டுக்கு ஒரு காவலாளி வந்தார். உள்ளே நடப்பதற்குக் கல் பதித்த பாதை போட்டார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் நடைப்பயிற்சிக்குத் திறப்பார்கள். மற்ற நேரமெல்லாம் பூட்டு. பெரிய பச்சைப் பலகையில் எழுதியிருந்தது: இலை, பூ, காய், சுள்ளி எதையும் எடுக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.

அக்கா முதல் நாள் சுள்ளிக்குப் போய்க் கேட்டில் நின்று திரும்பி வந்ததை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். வெறுங்கையோடு நடந்துவந்து அடுப்படியில் உட்கார்ந்தார். நான் கடந்து போய்விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, நான் குழுவுக்கு ஒரு மனு எழுதறேன்."

வெகு நாள் கழித்து நான் பேசியதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை.

"நீதான்டி மொத கேட்டு. அவங்க அப்புறமாதான் இரும்புல செஞ்சாங்க."

"ஆமாங்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவரே பெஞ்சைக் காட்டி, "உக்காரு, இட்லி துன்னுட்டுப் போ" என்றார்.

மனுவை நன்றாக எழுதினேன். தெருப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் எங்களுக்காகத் திறந்துவிட வேண்டும், கீழே விழுந்த சுள்ளியும் தரையில் முளைக்கும் கீரையும் எடுத்துக்கொள்ள விட வேண்டும், வெயில் நேரத்தில் நிழலில் உட்கார விட வேண்டும், அவ்வளவுதான். செயலாளர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். மனுவை முழுக்கப் படித்தார். பாதியிலே மடித்து வைக்கிற ஆள் இல்லை அவர்.

"கையெழுத்து அழகா இருக்கும்மா. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். காடுன்னா மனுஷங்க கை படாம இருக்கணும். அப்பதான் அது காடு."

"நான் காட்டுலதாங்க பொறந்தேன்."

"அது மலைம்மா. அது வேற. இது நகரத்துக் காடு."

"காலையில உள்ள நடக்கறவங்களும் மனுஷங்கதானங்க?"

"அவங்க எதையும் எடுக்கறது இல்லையே?"

"காத்தும் நெழலும் எடுத்துக்கினுதானங்க போறாங்க."

அவர் சிரித்தார். நல்ல பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து வாத்தியார் சிரிப்பது போல. மனு அவர் மேஜையிலேயே இருந்தது. நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தச் சிரிப்புதான் எனக்குள் போய் என்னவோ செய்தது. திட்டியிருந்தால் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கேட்டில் போய் நின்றேன். கூட அக்காவும் இன்னும் ஏழு பெண்களும். நைட்டி மேல் துண்டு போட்டவர்கள் சிலர், புடவை கட்டியவர்கள் சிலர். காவலாளி தியாகதுருகத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற பெரியவர். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னாங்கம்மா, எல்லாருமா வந்துக்கினு?"

"வாக்கிங் போறோங்க" என்றார் அக்கா.

"நீங்களா?"

"ஏன், எங்களுக்கு சுகர் வராதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நடக்கக் கூடாது என்று அதில் இல்லை. திறந்துவிட்டார்.

நடந்தோம். ஷூ போட்டவர்கள் வேகமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் மெதுவாக, ஓரமாக நடந்தோம். நட்ட கன்றுகளுக்கு நடுவில் யாரும் நடாத தொய்யக்கீரை அதுபாட்டுக்கு முளைத்திருந்தது. குனிந்தால் பறித்துவிடலாம். குனிந்தோம். முந்தானை மடியிலும் துண்டு மடியிலும் போட்டுக்கொண்டோம். வெளியே வரும்போது எங்கள் எல்லோருக்கும் வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது. காவலாளிப் பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பல் தேய்த்தார்.

இப்படியே ஒரு மாதம் போயிருக்கும். பலகையில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: பை, கூடை கொண்டுவரக் கூடாது. நாங்கள் எப்போது கொண்டுபோனோம்? அதற்கப்புறம் இன்னொரு வரி: நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. அந்த வரியை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "படிச்சவங்களுக்கு வேலை ஜாஸ்தியா இருக்குது போல" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நடக்க வருகிறவர்களில் சிலர் எங்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒருவர், இவங்க வந்தா எல்லாத்தையும் மொட்டை அடிச்சிடுவாங்க என்று எங்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். நாங்கள் உயிருள்ள கிளை ஒன்றைத் தொட்டதில்லை. மலையில் வளர்ந்தவளுக்குக் கீரையை வேரோடு பிடுங்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நுனியைக் கிள்ளினால் நாலு நாளில் திரும்ப வந்துவிடும். தெருப் பெண்களுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. கிளைகள் பாதையில் தாழ்ந்து நடக்கிறவர்கள் முகத்தில் இடிக்கிறது என்று ஆள் வைத்து வெட்டினார்கள். வெட்டிய கிளைகள், அதற்கு முன்பே காய்ந்து விழுந்த சுள்ளிகள், எல்லாவற்றையும் வாரிக் கேட்டுக்கு வெளியே குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டிக் கொளுத்திவிடுவார்களாம். நல்ல காய்ந்த புங்கை. அக்கா அந்த வாரம் முழுக்க விறகு காசுக்கு வாங்கி இட்லி அவித்துக்கொண்டிருந்தார். நான் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் வண்டியிலிருந்து கைக்கு அகப்பட்டதை இழுத்துக் கீழே போட்டேன். துண்டால் கட்டி, கட்டைத் தலையில் வைத்தேன்.

"அம்மா, அதை இறக்குங்க."

செயலாளர். கையில் செல்போன். நான் இறக்கவில்லை. அவர் இரண்டு போட்டோ எடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் தலையில் கட்டோடு தெருவரை நடந்து அக்கா வாசலில் போட்டேன்.

கடைக்குப் போவதற்குள் அந்தப் போட்டோ எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் ஜெராக்ஸ் கடை முதலாளியும் குழுவின் வாட்ஸ்அப்பில் இருக்கிறார். போனை என் பக்கம் திருப்பினார். தலையில் சுள்ளிக் கட்டோடு நான். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: காட்டில் திருட்டு. அதன் கீழே நிறைய பேர் வருத்தப்படுகிற முகம் போட்டிருந்தார்கள்.

திருட்டு. அந்தச் சொல்லை மற்றவர்களுக்காக எத்தனையோ மனுவில் எழுதியிருக்கிறேன். மோட்டார் திருட்டு, தேக்கு மரத் திருட்டு, ஆடு திருட்டு. என் முகத்துக்குக் கீழே அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"இதோ பாரும்மா, அவங்கள்லாம் நம்ம கஸ்டமரு. செயலாளர் சாரு போன் பண்ணாரு. போலீசுக்கெல்லாம் போவலியாம். ஒரே ஒரு மன்னிப்புக் கடிதம். எழுதிக் குடுத்துட்டு விட்ரு. உன் வேலையே எழுதறதுதான?"

"இன்னா எழுதணும்?"

"தெரியாம பண்ணிட்டேன், இனிமே பண்ண மாட்டேன்னு."

"தெரிஞ்சுதான பண்ணேன்."

"அடடா, அத இன்னாத்துக்கு எழுதற?"

மதியம் கூட்டம் குறைகிற நேரம். என் மேஜைக்கு வந்து வெள்ளைத் தாளை எடுத்து வைத்தேன். கம்ப்யூட்டரில் அடிக்கலாம். ஆனால் இதைக் கையால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மலையில் நான் நான்காவது படித்தபோது நடந்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. கடுக்காய் எடுக்கக் குத்தகை பிடித்த ஒரு வியாபாரி கீழேயிருந்து வந்திருந்தார். எங்கள் கொல்லையை ஒட்டிய மரத்தடியில் அப்பா கடுக்காய் பொறுக்கியதற்கு, ஒரு தாளில் அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் தாளை வியாபாரி என் பக்கம் காட்டவில்லை. அப்பா கட்டைவிரல் மையைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். அதற்கப்புறம் அந்த மரத்தடிக்கு அவர் போகவே இல்லை.

நான் எழுதியது இதுதான்.

'குறுங்காட்டுக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கும் நான் எழுதுவது. செவ்வாய்க்கிழமை காலை குப்பை வண்டியிலிருந்து ஒரு கட்டு சுள்ளி எடுத்தேன். உண்மை. அதற்கு முன்பு பல நாள் தொய்யக்கீரையும் மூக்கிரட்டையும் முடக்கத்தானும் பறித்தேன். அதுவும் உண்மை. போட்டோவில் இருப்பது நான்தான். முகம் சரியாகத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டவும்.

இந்தக் காட்டில் குழி வெட்டியவர்களில் நானும் ஒருத்தி. லாரி வராத கோடையில் கன்றுகளுக்கு ஊற்றியது எங்கள் தெருவின் குடிதண்ணீர். அப்போது கேட்டும் இல்லை, பலகையும் இல்லை. இந்தக் காட்டுக்காக எதிர் வீட்டு அக்காவின் ஆடுகளை நான் கல்லால் அடித்து விரட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் அதற்காக அவரிடம் கேட்பேன்.

உயிருள்ள கிளையை நாங்கள் ஒடித்ததில்லை. இனியும் ஒடிக்க மாட்டோம். ஆனால் நீங்கள் கொளுத்தப்போகும் சுள்ளியில் எங்கள் அடுப்பு எரியும். யாரும் நடாத கீரையை நாங்கள் தின்போம்.

நான் திருடவில்லை. ஆகவே மன்னிப்புக் கேட்கவில்லை. நாளையும் வருவேன்.

இப்படிக்கு,'

கையெழுத்துப் போட்டு, கீழே வீட்டு எண்ணும் எழுதினேன். திரும்பப் படித்தபோதுதான் பார்த்தேன், 'பணிவுடன்' என்பது எங்கேயும் வரவில்லை. சேர்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இடம் இருந்தது. சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குழுக் கூட்டம் காட்டுக்குள்ளேயே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் போனேன். நான் கூப்பிடாமலேயே அக்காவும் தெருப் பெண்களும் பின்னால் வந்தார்கள். செயலாளர் கடிதத்துக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நின்று படித்தேன். ஆடு வந்த இடத்தில் அக்கா பக்கம் பார்க்காமல் படித்தேன். கடைசி வரிக்கு வரும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

படித்துவிட்டுத் தாளை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி ஒரு முறை கண்ணை ஓட்டினார்.

"இது மன்னிப்புக் கடிதம் இல்லையேம்மா."

"இல்லீங்க."

"நாங்க உங்களுக்காகத்தான் போலீசுக்குப் போகாம இருக்கோம்."

"போங்க. புகார் எழுதணும்னா எங்க கடைக்கு வாங்க. நானே எழுதித் தரேன், எழுத்துப் பிழை இல்லாம."

நாற்காலிகளில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றினார். செயலாளருக்கு முகம் சிவந்தது. அன்றைக்குத்தான் அவருக்கு என் மேல் உண்மையாகக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது.

"எல்லாரும் இப்படி எடுக்க ஆரம்பிச்சா காடு என்னம்மா ஆகும்?"

இதற்கு அக்கா முன்னால் வந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை.

"எத்தினி வருசமா எடுத்துக்கினு இருந்தோம் சாரு, அந்த ரெண்டு வேப்ப மரமும் நின்னுச்சில்ல? அதுக்கடியிலதான நீங்க இப்ப சேரு போட்டு உக்காந்துக்கினு இருக்கீங்க?"

அவர்கள் அனிச்சையாக மேலே பார்த்தார்கள். நாங்கள் அதற்கு மேல் நிற்கவில்லை. போகிற வழியில் பாதையை விட்டு இறங்கி, அவர்கள் கண் முன்னாலேயே மூக்கிரட்டை பறித்தோம். முந்தானையில் மறைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினோம். யாரும் தடுக்கவில்லை.

தெருவுக்குள் வந்ததும் அக்கா கேட்டார்: "அடுத்தது இன்னாடி, எங்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்னு எழுதியிருந்தியே?"

"கேக்கறேங்க்கா."

"கேட்டுட்ட. போ, போய் சோறாக்கு."

முதலாளி, நான் கொஞ்ச நாள் கடைக்கு வர வேண்டாம் என்று அன்று மாலை போனில் சொன்னார். சரி என்றேன். மறுநாள் திங்கட்கிழமை, மனு கொடுக்கிற நாள். பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார். வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம், அவர் எழுதினால் யாராலும் படிக்க முடியவில்லையாம். குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கிவிட்டு, குளித்துவிட்டு, பன்னிரண்டரைக்குப் போனேன். பேனாவைத் திறந்து, முதல் ஆளிடம் என்ன ஊர் என்று கேட்டேன்.

எங்களுக்கு யாரும் இதுவரை அனுமதி கொடுக்கவில்லை. கடிதத்துக்குப் பதிலும் இல்லை. புகாரும் வரவில்லை. பச்சைப் பலகை அப்படியே நிற்கிறது, வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கிளை வெட்டுகிற நாட்களில் காவலாளிப் பெரியவர் சுள்ளியை வண்டியில் ஏற்றாமல் வேலிக்கு வெளியே எங்கள் தெருப் பக்கம் போடச் சொல்கிறார். கேட்டால், "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, அது வண்டியில எடம் பத்தல" என்கிறார். மதிய நேரத்தில் பூட்டு இன்னமும் இருக்கிறது. கோடையில் எங்களுக்கு அந்த நேரம்தான் வேண்டும். அதற்கு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைக் குழுவுக்கு மட்டும் கொடுக்கப்போவதில்லை.

செயலாளர் இப்போதும் காலையில் நடக்கிறார். எதிரே வந்தால் தலையசைப்பார். நானும் தலையசைப்பேன். ஒரு முறை நின்று, நான் கையில் வைத்திருந்ததைப் பார்த்து, இது என்ன கீரை என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். எப்படிச் சமைப்பது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாங்கள் சமாதானம் ஆகிவிடவில்லை.

போன வாரம் கேட்டுக்கு மேலே கேமரா வைத்திருக்கிறார்கள். அதன் கீழே ஒரு சிறிய பலகை. அக்கா என்னைப் படிக்கச் சொன்னார். நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள் என்று படித்தேன்.

"யாரு பாக்கறாங்க?"

"குழுக்காரங்க. போன்லயே தெரியுமாம்."

அக்கா நின்றார். முந்தானையை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"நல்லா பாத்துக்கோங்க. இட்லி விக்கறவ வந்துக்கினு இருக்கறேன்."

பிறகு உள்ளே போனோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. தொய்யக்கீரை நிறைய இருந்தது. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நுனி கிள்ளிக்கொண்டே போனோம்.